சமுதாயக் காணி நம்பிக்கைப்பொறுப்பும் ஒடுக்கப்பட்ட மக்களும்

நிலப் பிரச்சினை பற்றிய விவாதங்களிலே தனியுடைமை, அரசுடைமை எனும் இரண்டையுமே எதிரெதிராக நிறுத்தி நோக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. இவ்விரண்டினுள்ளும் முற்றாக அடங்காத ஒரு நிலவுடைமை வடிவம் கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக ஐக்கிய அமெரிக்காவிலே வளர்ந்து, அங்கிருந்து பிரித்தானியா, பெல்ஜியம் முதலிய நாடுகளுக்கும் பரவியுள்ளது. அதனைச் சமுதாயக் காணி நம்பிக்கைப்பொறுப்பு எனத் தமிழில் வழங்கலாம். நம்பிக்கைப்பொறுப்பு என்னும் சொல் எமது நாட்டுச் சட்டத் தமிழிலே ஏற்கெனவே பழகியதொன்று. ஆயின் அச்சொல் கோயிற் சொத்துக்களையும் தருமசாதனங்களையும் உடன் நினைவூட்டுவதனால் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகின்றது. பொது வழிபாட்டுக்குரியன எனக் கூறப்பட்ட யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே அப்பொதுமையினுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் அடங்கவில்லை என்பதை 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் வெளிப்படையாக்கிற்று. ஒரு சாராருக்காக ஒரு சொத்தை இன்னொரு சாரார் பொறுப்பேற்று நடத்தும் ஏற்பாடு எதுவாயினும், யாருக்காக, யார் நடத்துகின்றனர் என்னும் வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டும். இக்கட்டுரையில் நாம் அவ்வினாவையே காணி நம்பிக்கைப்பொறுப்புகளின் வரலாற்றிடம் கேட்க விழைகின்றோம்.

முறையின் அமைப்பு எளிமையானது. இலாப நோக்கற்ற ஒரு நிறுவனம் காணியை வாங்கியோ நன்கொடையாகப் பெற்றோ தன் பெயரிலே நிரந்தரமாக வைத்திருக்கும்; அதனை விற்பதில்லை. காணியின் மேலுள்ள வீடு, கடை முதலியன அவற்றைப் பயன்படுத்துவோரின் உடைமையாகும். நிலத்தையும் கட்டிடத்தையும் இவ்வாறு வேறு பிரித்தலே இம்முறையின் அச்சாணி எனலாம். வீட்டுரிமையாளர் நிலத்தை வழமையாக 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறுவர். அக்குத்தகை பிள்ளைகளுக்கும் உரித்தாகும். காலம் முடியின் புதுப்பிக்கவும்படும். வீட்டை விற்க விரும்பின், குத்தகைப் பத்திரத்திலே எழுதப்பட்ட சூத்திரப்படி கணிக்கப்படும் விலைக்கே, குறைந்த வருமானமுடைய இன்னொரு குடும்பத்துக்கே விற்கலாம்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். நிலமும் வீடும் சேர்ந்து 300,000 டொலர் பெறுமதியானவை எனக் கொள்வோம். நிலத்தை நிறுவனம் வைத்துக்கொள்ள, குடும்பம் வீட்டை மட்டும் 180,000 டொலருக்கு வாங்குகின்றது. பத்தாண்டுகளில் வீட்டின் மதிப்பு 80,000 டொலரால் உயருமாயின், பல நிறுவனங்கள் கைக்கொள்ளும் காற்பங்கு விதியின்படி, விற்போர் 20,000 டொலரை மேலதிகமாகப் பெறுவர். அடுத்த குடும்பம் அவ்வீட்டை 200,000 டொலருக்கு வாங்கும். எஞ்சிய 60,000 டொலர் எவர் கைக்கும் போவதில்லை. அது நிலத்தோடே தங்கி, வீட்டினை எளியோர்க்கு எட்டும் விலையில் வைத்திருக்கின்றது. நிலத்தின் விலையேற்றம் தனியொருவரின் உழைப்பால் வருவதன்று, சமுதாயம் முழுவதும் சேர்ந்து உண்டாக்குவது என ஹென்றி ஜோர்ஜ் 1879இல் ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்னும் நூலில் வாதிட்டார். அவ்வாதம் இங்கே ஒரு குத்தகைப் பத்திரத்தின் வாசகமாக உருப்பெற்றிருத்தலைக் காணலாம்.

இம்முறையின் மூலங்களுள் ஒன்று எமக்கு அயலிலே உள்ளது. கம்யூனிஸ்டுகளின் தலைமையில் நடைபெற்ற தெலுங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் அடக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், 1951 ஏப்ரிலில், வினோபா பாவே அப்பகுதியிலுள்ள போச்சம்பள்ளிக்குச் சென்றார். நாற்பது அரிசனக் குடும்பங்கள் தமக்கு 80 ஏக்கர் வேண்டுமெனக் கேட்க, அவ்வூர் நிலவுடைமையாளர் ஒருவர் 100 ஏக்கரைத் தர முன்வந்தார். பூதானம் இவ்வாறு தொடங்கிற்று. தனித்தனித் துண்டுகளாக நிலம் பெறுதல் ஏழைகளை நிலைநிறுத்தாது எனக் கண்டபோது, ஒரு கிராமத்தின் நிலவுரிமை முழுவதையும் கிராமசபையிடம் ஒப்படைக்கும் கிராமதானம் அதனைத் தொடர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவில் ரால்ஃப் போர்சோடியும் றொபேட் ஸ்வானும் 1967இல் நிறுவிய ஆய்வு நிறுவனம் கிராமதானத்தை முன்மாதிரியாகக் கருதியது. ஸ்வானும் அவரது தோழர்களும் 1972இல் வெளியிட்ட கைநூலே இம்முறைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை நிலைபெறச் செய்தது.

கிராமதானத்தின் பெறுபேறு ஊக்கமளிப்பதாக இருக்கவில்லை. 1965இலிருந்து முன்வைக்கப்பட்ட எளிய கிராமதானத்தின்படி, நிலவுடைமையாளர் தம் நிலத்தில் இருபதில் ஒரு பங்கை நிலமற்றோருக்குக் கொடுத்து, உரிமையைக் கிராமசபையின் பெயருக்கு எழுதினால் போதும். எஞ்சிய பத்தொன்பது பங்கும் அவரது அனுபவத்திலேயே, அவரது வாரிசுகளின் அனுபவத்திலேயே இருக்கும். அறிவிக்கப்பட்ட கிராமங்களிற் பெரும்பாலானவற்றில் அந்த ஒரு பங்கும் கடதாசியிலேயே நின்றுவிட்டது. பெயரளவில் உரிமை மாறிற்றே தவிர, கிராமசபையில் யாருடைய சொல் எடுபடும் என்பது மாறவில்லை. தமிழ்நாட்டில் மதுரை மாவட்டத்துக் கிராமதான இயக்கத்துக்குத் தலைமை தாங்கிய ஜெகந்நாதனும் அவரது துணைவியார் கிருஷ்ணம்மாளும், 1968 டிசெம்பர் 25ஆம் திகதி தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னர் அம்மாவட்டத்துக்கே தம் பணியை மாற்றிக்கொண்டமை இங்கு கருதத்தக்கது. 1981இல் அவர்கள் தொடங்கிய ‘உழுபவர் நில உரிமை இயக்கம்’ நிலவுடைமையாளரின் தானத்துக்குக் காத்திருக்கவில்லை. பேரம்பேசி வாங்கிய நிலத்தை நிலமற்ற தலித் பெண்களின் பெயருக்கே தனித்தனி எழுதிக் கொடுத்தது. கூட்டுரிமையில் ஊறியவர்களே தனியுரிமையைத் தெரிந்தெடுத்தமை தற்செயலன்று என்பது எமது எண்ணம். ஊர்ச்சபை மேலோர் கையில் இருக்குமட்டும் ஊருடைமை என்பதும் அவர்கள் உடைமையே.

கிராமதானத்திலிருந்து ஊக்கம் பெற்ற முதலாவது காணி நம்பிக்கைப்பொறுப்பு எழுந்த இடமும் வெண்மணியை ஒத்ததொரு நிலமே. ஜோர்ஜியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலே, அல்பனி நகரைச் சூழ்ந்த மாவட்டங்களில், வெள்ளையரின் பருத்தி, நிலக்கடலைத் தோட்டங்களிற் கறுப்பின மக்கள் வாரத்துக்கும் கூலிக்கும் உழைத்துவந்தனர். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் சார்பில் 1961இல் அங்கு வந்த சார்ள்ஸ் ஷெரொட் என்னும் இளைஞர் வாக்காளர் பதிவு வேலையைத் தொடங்கினார். வாக்குரிமைக்குப் பெயர் பதிந்த குடும்பங்கள் குடியிருந்த கொட்டில்களை விட்டு வெளியேற்றப்பட்டன. நிலம் வேறொருவருடையதாயின் வாக்குச்சீட்டும் அவருடையதே என்னும் உண்மையை அப்போராளிகள் எந்த நூலைப் படித்தும் அறிந்தாரல்லர்; அது அவர்கள் கண்முன்னே நிகழ்ந்தது. ஆகவே வெளியேற்றப்பட முடியாத நிலம் ஒன்றைத் தேடினர்.

1968இல் ஷெரொட், ஸ்வான், அல்பனி இயக்கத்தைச் சேர்ந்த ஸ்லேற்றர் கிங் உள்ளிட்ட ஒரு குழுவினர் இஸ்ரேலுக்குச் சென்று, அங்கு யூத தேசிய நிதியம் நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கூட்டுப்பண்ணைகளுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடும் முறையை ஆராய்ந்தனர். இதில் உள்ள முரண்பாட்டை நாம் சொல்லாது விடுதல் நேர்மையன்று. 1901இல் நிறுவப்பட்ட அந்நிதியம் நிலத்தை யூத மக்களுக்கெனவே வைத்திருந்தது. பலஸ்தீன அரேபியர் அக்குத்தகைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். நிலத்தைச் சந்தையிலிருந்து மீட்கும் அதே கருவி, ஒரு மக்கட் கூட்டத்தை நிலத்திலிருந்து விலக்கும் கருவியாகவும் இயங்க வல்லது. சமுதாயம் என்ற சொல்லின் எல்லையை யார் வரைகின்றனர் என்பதே கருவியின் தன்மையைத் தீர்மானிக்கின்றது. ஜோர்ஜியாவிலிருந்து சென்றோர் குத்தகையின் சட்ட வடிவத்தை எடுத்துக்கொண்டு, தாம் கட்ட எண்ணியதை எல்லா இனத்தவர்க்கும் திறந்ததாகவே வகுத்தனர்.

1969இல் ‘புதிய சமுதாயங்கள்’ என்னும் பெயரில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. லீ மாவட்டத்தில் ஏறத்தாழ 5,700 ஏக்கர் காணி கடனாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு வாங்கப்பட்டது. அக்காலத்தில் அந்நாட்டிற் கறுப்பினத்தவர் கையிலிருந்த மிகப் பெரிய தனி நிலப்பரப்பு அதுவே எனக் கருதப்பட்டது. குடியிருப்புகள், பாடசாலை, வைத்தியசாலை, தொழிற்கூடங்கள் எனப் பெருந் திட்டம் தீட்டப்பட்டது. அதற்கான ஆயத்தச் செலவுக்குச் சமஷ்டி அரசாங்கத்தின் வறுமை ஒழிப்பு அலுவலகம் உதவிற்று. ஆனால் திட்டத்தை நிறைவேற்றுவதற்குரிய பெருந்தொகை வரவில்லை. இனப் பிரிப்பை வெளிப்படையாக ஆதரித்த ஆளுநர் லெஸ்ரர் மடொக்ஸின் எதிர்ப்பு அதனைத் தடுத்தது. எனவே ஊர் எழவில்லை. பண்ணை மட்டுமே நடந்தது. சோளம், சோயா, நிலக்கடலை, வத்தகப்பழம் பயிரிட்டனர், பன்றி வளர்த்தனர், நெடுஞ்சாலை ஓரத்தில் விளைபொருட் கடை ஒன்று நடத்தினர். அயலிலிருந்த வெள்ளையர் அவர்களது கட்டிடங்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தியதும் உண்டு. இவை அனைத்தையும் தாண்டி ஒன்றரைத் தசாப்தம் அவர்கள் அந்நிலத்தில் நின்றனர்.

அவர்களை வீழ்த்தியது துப்பாக்கியன்று. 1970களின் பிற்பகுதியிலே தொடர்ந்து வரட்சி ஏற்பட்டபோது, அயலிலுள்ள வெள்ளைக் கமக்காரர் விவசாயத் திணைக்களத்தின் கடனுதவிப் பிரிவிலிருந்து அவசரக் கடன் பெற்று நீர்ப்பாசன வசதி செய்துகொண்டனர். ‘புதிய சமுதாயங்கள்’ விண்ணப்பித்தபோது உள்ளூர் அலுவலகம் முதலில் மறுத்தது. பின்னர் ஆண்டுக்கணக்காக இழுத்தடித்தது. ஈற்றில் கொடுத்தபோதும் மற்றையோரிடம் கேளாத பிணைகளைக் கேட்டது. 1985இல் முழுக் காணியும் கடனுக்காகப் பறிபோயிற்று. கறுப்பினக் கமக்காரர் விவசாயத் திணைக்களத்துக்கு எதிராகத் தொடுத்த கூட்டு வழக்கு 1999இல் இணக்கத்துக்கு வந்தது. அதன்கீழ் 2009இல் இந்நிறுவனத்துக்கு ஏறத்தாழ 12 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்கப்பட்டது. தீர்ப்பளித்த நடுவர் அதிகாரிகளின் நடத்தையை, தன் குடியடிமைகளிடம் மேலதிக விளைச்சல் கோரும் நிலப்பிரபுவின் நடத்தைக்கு ஒப்பிட்டார். இருபத்துநான்கு ஆண்டுகள் கடந்து கிடைத்த அப்பணத்தைக்கொண்டு, 2011இல் அல்பனிக்கு அண்மையில் 1,638 ஏக்கர் கொண்ட தோட்டமொன்று வாங்கப்பட்டது. ஒருகாலத்தில் ஜோர்ஜியாவின் பெரும் அடிமையுடைமையாளர் ஒருவருக்கு உரியதாயிருந்த தோட்டம் அது. சார்ள்ஸ் ஷெரொட் 2022இற் காலமானார்.

இவ்வரலாற்றை நாம் விரிவாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. காணி நம்பிக்கைப்பொறுப்பு பற்றி எழுதுவோர் பலர் இதனைத் தோற்றக் கதையாக மட்டும் கூறி, வெற்றிகளுக்கு விரைந்துவிடுகின்றனர். தோல்வியின் உள்ளமைப்பை அவர்கள் நோக்குவதில்லை. ‘புதிய சமுதாயங்கள்’ அமைப்பிலே ஆட்சி ஒடுக்கப்பட்டோர் கையிலேயே இருந்தது. ஊர்ச்சபையை மேலோர் கைப்பற்றிய கிராமதானக் குறை அதற்கு இல்லை. நிலத்தைச் சந்தையில் விற்காமலும் காத்தனர். ஆயின் நிலத்தை வாங்கிய கடனும், விதைப்புக்கான கடனும் பகைவரின் அலுவலக மேசையிலே இருந்தன. காணி உறுதி ஒருவர் பெயரிலும் ஈட்டுப் பத்திரம் இன்னொருவர் பெட்டியிலும் இருக்குமாயின் உண்மையான உடைமையாளர் யார் என்பதை வரட்சி காட்டிவிடும். ஆகவே ஒடுக்கப்பட்ட மக்களின் காணி நம்பிக்கைப்பொறுப்பு காணியைக் கடனின்றிப் பெறுதல் வேண்டும். அல்லது கடன் தரும் வாயிலும் அவர்கள் கைக்கு எட்டியதாய் இருத்தல் வேண்டும்.

1980களில் இம்முறை கமத்திலிருந்து நகரத்துக்குப் பெயர்ந்தது. வேர்மொண்ட் மாநிலத்துப் பேர்லிங்ரன் நகரசபை, பேர்ணி சாண்டர்ஸ் நகர முதல்வராயிருந்த காலத்தில், 1984இல் 200,000 டொலர் முதலிட்டு ஒரு காணி நம்பிக்கைப்பொறுப்பைத் தொடக்கிற்று. அதன் வழித்தோன்றல் இன்று அந்நாட்டிலுள்ளவற்றுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1992இல் சமஷ்டிச் சட்டம் இம்முறைக்கு வரைவிலக்கணம் வகுத்தது. பணிப்பாளர் சபையை மூன்று கூறாக்கி, நிலத்தில் வாழ்வோருக்கு ஒன்று, அயல் மக்களுக்கு ஒன்று, பொதுநலப் பிரதிநிதிகளுக்கு ஒன்று என ஒதுக்கும் வழக்கமும் வேரூன்றிற்று. பொருளாதார அடிப்படையில் இதன் வலிமை 2008ஆம் ஆண்டு வீட்டுக்கடன் நெருக்கடியிலே தெரியவந்தது. 2010இன் முடிவில், சாதாரண வீட்டுக்கடன்களில் நூற்றுக்கு 4.63 பறிமுதல் நடவடிக்கைக்கு உட்பட்டிருக்க, காணி நம்பிக்கைப்பொறுப்பு வீடுகளில் அவ்விகிதம் 0.46 ஆகவே இருந்ததென நாடளாவிய ஆய்வொன்று கண்டது. வீட்டு விலை குறைவாயிருந்தமை மட்டும் இதற்குக் காரணமன்று. தவணை தவறும் குடும்பத்துக்கும் வங்கிக்கும் இடையே, குத்தகை கொடுத்த நிறுவனம் தலையிட்டு நின்றமையும் காரணமாகும்.

வெற்றியின் விலையும் உண்டு. நிறுவனங்கள் பெருக, அவற்றிற் பல வீடமைப்புச் சபைகளின் போக்கை மேற்கொண்டன. மானியம் தரும் திணைக்களத்துக்குக் கணக்குக் காட்டுதல் முதன்மையாகி, குடியிருப்பாளர் கூட்டம் ஆண்டுக்கொருமுறைச் சடங்காகச் சுருங்கிற்று. இன்னொன்று அதனிலும் ஆழமானது. வீட்டை வாங்க வங்கிக் கடன் வேண்டும். வங்கிக் கடனுக்கு நிலையான சம்பளமும் பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டிய சான்றும் வேண்டும். நாட்கூலியாளர், பத்திரமின்றி வாழும் குடியேறிகள், வாடகை அறையில் பிள்ளைகளோடு தனித்து வாழும் பெண்கள் ஆகியோர் இவ்வாயிலிலேயே தடுக்கப்படுகின்றனர். ஏழைகளுக்கென அமைந்த கருவி, ஏழைகளுள் ஓரளவு வசதியுடையோரைத் தெரிந்தெடுத்துவிடுகின்றது. இதனை நிறுவனத்தாரின் தீய எண்ணமெனக் கூறுவதற்கில்லை. வீட்டுடைமையையே ஒரேயொரு வடிவமாகக் கொண்டதன் விளைவு இது. நியூ யோர்க் நகரின் கூப்பர் சதுக்கத்திலே, தம் குடியிருப்பை இடித்தகற்றவிருந்த திட்டத்துக்கு எதிராக 1959இல் குழுவமைத்துப் போராடியோர், 1990களில் வேறு வழியைக் கண்டனர். அங்கு நிலம் நம்பிக்கைப்பொறுப்பினது. அதன் மேலுள்ள முந்நூறுக்கு மேற்பட்ட குடிமனைகளை வாடகையாளரின் கூட்டு அமைப்பே நடத்துகின்றது. வங்கியின் வாயிலுக்குச் செல்லாமலே மிகக் குறைந்த வருமானமுடையோர் அங்கு நிலைபெற்றுள்ளனர். இவ்வழி போதிய கவனம் பெறவில்லை என்பது எமது கருத்து.

ஆட்சியுரிமையைப் பொறுத்தவரை பொஸ்ரன் நகரத்து டட்லி வீதி அயலகத்தின் அனுபவம் ஆழ்ந்து கற்கத்தக்கது. வெள்ளையர் வெளியேறிய பின்னர் கைவிடப்பட்டு, காப்புறுதிப் பணத்துக்காக வீடுகள் எரிக்கப்பட்டு, நகரத்துக் குப்பையெல்லாம் கொட்டப்பட்ட பகுதி அது. ஏறத்தாழ 1,300 வெறும் காணித் துண்டுகள் அங்கு கிடந்தன. 1984இல் ஒரு தரும நிதியமும் தொண்டர் நிறுவனங்களும் சேர்ந்து புனரமைப்புத் திட்டமொன்றைக் கொண்டுவந்து, தாமே பெரும்பான்மையாயிருக்கும் சபையொன்றை முன்மொழிந்தன. கூட்டத்துக்கு வந்த மக்கள், உங்களுள் எத்தனைபேர் இங்கு வாழ்கின்றீர்கள் என வினவினர். விடை சங்கடமானது. பின்வாங்கிய நிதியம், குடியிருப்பாளர் பெரும்பான்மையாகும் சபையை ஏற்றுக்கொண்டது. மேலும், அப்பகுதியில் வாழ்ந்த கறுப்பினத்தவர், இலத்தீன அமெரிக்கர், கேப் வேர்டியர், வெள்ளையர் எனும் நான்கு பிரிவினருக்கும் தொகை வேறுபாடு நோக்காது சம எண்ணிக்கையான ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. மிகச் சிறுபான்மையினர் கூட்டத்தில் வாயடைத்துப் போகாதிருக்க இவ்வேற்பாடு உதவிற்று.

1988இல் அவர்கள் அடைந்தது இன்னும் அரியதொன்று. தனியார் நிலத்தைப் பொதுத் தேவைக்காகச் சுவீகரிக்கும் அதிகாரம் அரசுக்கே உரியது. வரலாற்றிலே அவ்வதிகாரம் ஏழைகளின் குடியிருப்பை அகற்றவே பெரிதும் பயன்பட்டுள்ளது. டட்லி முக்கோணப் பகுதியின் வெறுங் காணிகளைப் பொறுத்து அவ்வதிகாரத்தைப் பொஸ்ரன் நகரின் அபிவிருத்திச் சபை, அயலகத்தாரின் காணி நம்பிக்கைப்பொறுப்பு நிறுவனத்துக்கு வழங்கிற்று. ஜோர்ஜியாவிலே கடனால் வாங்கியதை டட்லியில் அரச அதிகாரத்தாற் பெற்றனர். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளும் பூங்காவும் பயிர்க்கூடமும் இன்று அந்நிலத்தில் உள்ளன. தானத்தால் வரும் நிலத்துக்கும் போராட்டத்தால் வரும் நிலத்துக்குமிடையே எத்துணை வேறுபாடு உண்டு என்பதைப் போச்சம்பள்ளியையும் டட்லியையும் அடுத்தடுத்து நோக்குவார் உணர்வர். எனினும் டட்லியின் வாய்ப்பு, நகர முதல்வர் ஒருவரின் இணக்கத்தையும் சார்ந்திருந்தது என்பதை மறத்தலாகாது.

இம்முறைக்கெதிரான கண்டனங்களுள் மிக வலிமையானது கறுப்பின மக்களிடமிருந்தே வருவதாகும். வெள்ளைக் குடும்பங்கள் இரு தலைமுறையாக வீட்டு விலையேற்றத்தாற் செல்வம் சேர்த்தன. அரசாங்கக் கடன் கொள்கை கறுப்பினத்தவரை அதிலிருந்து விலக்கிவைத்தது. இப்பொழுது எங்கள் முறை வரும்போது மட்டும் விலையேற்றத்தில் காற்பங்கு போதும் என்கின்றீர்களா என அவர்கள் கேட்கின்றனர். இவ்வினாவை இலட்சியம் பேசித் தட்டிக்கழித்தல் தகாது. மாற்று எதுவென நோக்கின், முழு விலையேற்றமும் கிடைக்கும் வீட்டை அக்குடும்பம் வாங்கவே இயலாது, வாடகைதான் கட்டும். அந்த அளவிலே காற்பங்கு பூச்சியத்தைவிட மேலானது. ஆயினும் அப்பங்கு எவ்வளவென்பதை மேலிருந்து வல்லுநர் வகுத்துக் கொடுத்தல் ஒன்று. நிலத்தில் வாழ்வோர் தம் பிள்ளைகளையும் தமக்குப் பின் வரவிருக்கும் அயலாரையும் மனத்திற்கொண்டு தாமே முடிவு செய்தல் வேறொன்று. பின்னையதற்கு இதுவரை கிடைத்துள்ள மிகத் தெளிவான சான்று அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோவிலே உள்ளது.

அத்தீவின் தலைநகரான சான் ஹுவானிலே மார்ட்டின் பேன்யா என்னும் கால்வாய் உண்டு. 1930கள், 40களில் நாட்டுப்புறத்திலிருந்து வேலை தேடி வந்தோர் அதன் கரையிலுள்ள கண்டல் சதுப்பைக் குப்பையாலும் மண்ணாலும் நிரப்பிக் குடியேறினர். காணி உறுதி எவரிடமும் இல்லை. கழிவுநீர்க் குழாய்கள் இல்லாமையாற் கால்வாய் தூர்ந்து, மழை பெய்யும்போதெல்லாம் அழுக்கு நீர் வீடுகளுட் புகும். 2002இல் அரசாங்கம் கால்வாயைத் தூர்வார முன்வந்தது. மக்கள் அதனை வரவேற்றனர். அதேவேளை அஞ்சவும் செய்தனர். நிதி நிறுவனங்களின் மாடங்கள் நிற்கும் பகுதிக்கு அண்மையிலுள்ள நிலம் அது. நீர் தெளிந்தால் விலை ஏறும். விலை ஏறினால் அவர்கள் அங்கிருக்க மாட்டார்கள். இரண்டாண்டுகளில் எழுநூறுக்கு மேற்பட்ட கூட்டங்கள் நடைபெற்றன. ஒவ்வொருவருக்கும் தனி உறுதி வழங்கல், கூட்டுறவுச் சங்கம், நம்பிக்கைப்பொறுப்பு என்னும் வழிகளை எடைபோட்டு ஈற்றிலதனையே தெரிந்தனர். தனி உறுதி கிடைப்பின் வறுமைப்பட்ட குடும்பங்கள் ஒவ்வொன்றாக விற்றுச்செல்ல, எஞ்சியோர் தனித்துவிடப்படுவர் என்பது அவர்கள் கண்ட நியாயம். 2004ஆம் ஆண்டின் 489ஆம் இலக்கச் சட்டம் ஏறத்தாழ 200 ஏக்கர் பொதுக் காணியை அவர்களது நம்பிக்கைப்பொறுப்புக்கு மாற்றிற்று. பணிப்பாளர் சபையிற் பெரும்பான்மையினர் குடியிருப்பாளரே. குடும்பங்களுக்கு வழங்கப்படுவது நிலத்தின் மேற்பரப்பைப் பயன்படுத்தும் உரிமைப் பத்திரம். அது பதிவு செய்யத்தக்கது, பிள்ளைகளுக்கு உரித்தாகத்தக்கது. வங்கிக் கடன் இங்கு நுழைவாயிலன்று. அங்கு ஏற்கெனவே வாழ்வதே தகுதி.

2009இல் சட்டசபை அக்காணியைத் திரும்ப எடுத்து நகரசபையிடம் கொடுத்தது. தனித்தனி உறுதி தருவோம் என்பது அப்போது கூறப்பட்ட காரணம். ஒடுக்கப்பட்டோரின் கூட்டுரிமையை உடைக்க விரும்புவோர் தனியுரிமையின் பாதுகாவலராகத் தோன்றுவது பல நாடுகளில் நாம் காணும் காட்சியே. நீதிமன்றம் சென்றும் பயன் கிட்டவில்லை. எழுநூறு கூட்டங்களில் வளர்ந்த அமைப்பு வீதியிலும் சட்டசபை வாயிலிலும் நான்காண்டுகள் விடாது நின்றது. 2013இல் வேறொரு சட்டத்தால் காணி மீண்டும் வந்து சேர்ந்தது. 2017 செப்டெம்பரில் மரியா சூறாவளி தீவைத் தாக்கியபோது, சட்டபூர்வமான உறுதி காட்ட இயலாமையால் பெருந்தொகையான குடும்பங்கள் தீவெங்கும் சமஷ்டி அரசின் வீட்டுத் திருத்த உதவியை இழந்தன. மேற்பரப்பு உரிமைப் பத்திரத்தின் பயன் அப்போது இன்னும் தெளிவாயிற்று. இருபது ஆண்டுகளாக இழுபட்ட தூர்வாரும் பணிக்கு 2022 ஜனவரியில் சமஷ்டி அரசாங்கம் 163 மில்லியன் டொலர் ஒதுக்கியது. கால்வாயில் நீர் ஓடத் தொடங்கும்போது கரையிலுள்ள காணியின் விலை ஏறும். 2004இல் அம்மக்கள் எழுதுவித்த சட்டம் அப்போதுதான் முதன்முறையாக முழுப் பரீட்சைக்கு உள்ளாகும்.